ஹேண்ட் பிரேக்கை இறக்கியாச்சு, சிவப்பு விளக்கு ஏன் அணையவில்லை?

கேள்வி: எங்களுடையது 2007 சான்ட்ரோ, அப்பா ஓட்டி எனக்கு வந்த வண்டி. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இறக்கிய பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. முதலில் ஏற்காடு போகும்போது வளைவுகளில் மட்டும் மின்னி மின்னிப் போனது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததுமே எரிகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது. மெக்கானிக், "பழைய வண்டின்னா இதெல்லாம் வரும் சார், பல்பைக் கழட்டி விட்டுடலாம்" என்கிறார். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. கவலைப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: பல்பில் கை வைக்க வேண்டாம். வேறு யாரிடமாவது வண்டியைக் காட்டுங்கள், அதுவரை ஏற்காடு பக்கம் போகாதீர்கள்.

ஹேண்ட் பிரேக் விளக்கு என்றே எல்லோரும் சொல்கிறோம், ஆனால் உங்கள் வண்டியில் அந்த ஒரே விளக்குக்கு இரண்டு வேலை. லீவருக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, லீவரைத் தூக்கினால் அது விளக்கை எரிய வைக்கும். பானெட்டைத் திறந்தால் தெரிகிற பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஆயில் மட்டம் இறங்கினால் அதுவும் அதே விளக்கைத்தான் எரிய வைக்கும். இரண்டில் எது என்று விளக்கைப் பார்த்துத் தெரியாது.

உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி திரும்பும்போது டப்பாவுக்குள் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மட்டம் ஏற்கெனவே குறைந்து கிடந்தால் மிதவை ஒரு நொடி கீழே போய் விளக்கு மின்னும், ஸ்டியரிங் நேரானதும் அணைந்துவிடும். காலையில் மட்டும் எரிவதும் அதனால்தான்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் குளிர்ந்து கொஞ்சம் சுருங்கியிருக்கும், எஞ்சின் சூடு ஏறி அது விரிந்ததும் மிதவை மேலே வந்துவிடும். லீவர் சுவிட்ச் கெட்டிருந்தால் குண்டும் குழியுமான ரோட்டில் மின்னும், லீவரை ஆட்டினால் மின்னும், வளைவும் காலை நேரமும் அதை ஒன்றும் செய்யாது.

சந்தேகம் இருந்தால் சுவிட்சையும் பார்த்துவிடுங்கள், வீட்டிலேயே செய்யலாம். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது லீவரைக் கீழ்நோக்கி நன்றாக அழுத்துங்கள். அணைந்தால் லீவர் முழுசாக இறங்கவில்லை, அல்லது சுவிட்ச் இருக்கும் தகடு வளைந்திருக்கிறது. அணையாவிட்டால் லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சுவிட்சுக்கு வரும் வயரை உருவிப் பாருங்கள். அப்போது அணைந்தால் கோளாறு சுவிட்சில்தான். பழைய வண்டிகளில் அந்த இடத்தில் டீ சிந்தியிருக்கும், டோல்கேட்டில் கை தவறிய ஒரு ரூபாய்க் காசு கிடக்கும், பத்து வருஷத் தூசி இருக்கும், சுவிட்சின் முனை சிக்கிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. துடைத்து விட்டாலே பாதி வண்டிகளில் சரியாகிவிடும்.

வயரை உருவியும் எரிகிறதா? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் டப்பாவைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கோடுகள் இருக்கும், ஆயில் அதற்கு நடுவில் நிற்க வேண்டும். பழைய டப்பா மஞ்சளாகிப்போய் மட்டம் தெரியவில்லை என்றால் பின்னால் இருந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் மிதவை கெட்டிருக்கலாம். வருஷக்கணக்கில் ஊறி அதுவே மூழ்கிப்போவது உண்டு. டப்பாவில் இருந்து வரும் வயர் கப்ளரைப் பிடுங்கினால் விளக்கு அணையும், அதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

மட்டம் குறைவாக இருந்தால்? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தப்புச் செய்கிறார்கள். ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுகிறார்கள், விளக்கு அணைகிறது, பிரச்சினை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். பிரேக் ஆயில் எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைவதில்லை. அது அடைத்த குழாய்க்குள் இருக்கும் சரக்கு, மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் ஒன்று பிரேக் பேட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை எங்கோ கசிய வேண்டும்.

முதலில் பேட். முன்சக்கர டிஸ்க்கில் பேட் தேயத் தேய பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து வரும், அதன் பின்னால் உண்டாகும் இடத்தை டப்பாவில் இருந்து வரும் ஆயில்தான் நிரப்புகிறது. அதனால் கசிவே இல்லாமல் மட்டம் மெல்ல மெல்ல இறங்கும். உங்கள் வண்டியில் விளக்கு முதலில் வளைவில் மட்டும் மின்னி, அப்புறம் காலையிலும் எரிய ஆரம்பித்ததைப் பார்த்தால் என் சந்தேகம் இதன் மேல்தான் அதிகம். சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பாருங்கள், இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் பொருள் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் தானாக டப்பாவுக்குத் திரும்பும், மட்டமும் சரியாகும். முன்னாடியே ஊற்றி நிரப்பி வைத்திருந்தால் அந்த நேரத்தில் பொங்கி வழியும், பிரேக் ஆயில் பட்ட பெயிண்ட் உரிந்து வந்துவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பேட் தடிமனாக இருந்தால் கசிவுதான், இதைத் தள்ளிப்போடக் கூடாது. பின்சக்கர டயர்களின் உள்பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் டிரம்முக்குள் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஆயிலில் ஊறிய ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் கட்டையை) துடைத்து மறுபடி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பக்கமும் புது ஷூ போட வேண்டும். வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனால் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போய், ஆயில் அதற்குப் பின்னால் இருக்கும் பூஸ்டருக்குள் (மிதிக்குப் பலம் கூட்டும் பாகம்) வடிந்துகொண்டிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரில் இருந்து கழற்றினால் அந்த இடம் ஈரமாக இருக்கும், கழற்றாமல் சொல்ல முடியாது.

பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே என்கிறீர்கள். பிடிக்கும்தான். டப்பாவில் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருக்கும் வரை பெடலில் வித்தியாசமே தெரியாது, மட்டம் இன்னும் இறங்கிக் காற்று உள்ளே போன பிறகுதான் பெடல் மெத்தென்று ஆகும். மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனிப் பாதையில் ஆயிலை அனுப்புவதால் ஒன்று போனாலும் பாதி பிரேக் இருக்கும். ஏற்காடு இறக்கத்தில் பாதி பிரேக் எதற்கு ஆகும்? எஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடியுங்கள், மெல்ல மெல்ல அது தரையை நோக்கி இறங்கினால் வண்டியை ஓட்டவே வேண்டாம், டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

வேலை முடிந்ததும் பழைய ஆயிலை முழுசாக மாற்றி ஏர் எடுக்க, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் ஒன்றுமில்லாமல் கீழே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. உங்கள் வண்டிக்கு டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத பாட்டில். ஷெட்டில் மூலையில் திறந்து கிடக்கும் பாதி பாட்டில் வேண்டவே வேண்டாம், ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ அவசரத்துக்குக் கூட ஊற்றக் கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் உப்பிப்போகும்.

கேள்வி: 2004 குவாலிஸ் டீசல். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் சேர்ந்தே எரிகின்றன. எதை முதலில் பார்ப்பது?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஓரமாக நிறுத்தி ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்கள். உங்கள் வண்டி மாதிரி பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கத்தை (வெற்றிடத்தை) உண்டாக்கும் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், வேக்கமும் போகும், மிச்சமிருக்கும் வேக்கத்தில் ஒன்றிரண்டு தடவை மிதித்த பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பெல்ட் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இரண்டு விளக்கும் ஒன்றாக வரும்போது பிரேக்கைக் கழற்றி வேலையை ஆரம்பிப்பது வெட்டிச் செலவு.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினாலும் விளக்கே எரிவதில்லை. நல்லதுதானே?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லைம்மா. சேலம் வாசகருக்கு மெக்கானிக் சொன்ன, பல்பைக் கழற்றிவிடும் அதே யோசனையை உங்கள் வண்டியை விற்றவருக்கும் யாரோ சொல்லியிருக்கலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் வயர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லி எரிய வையுங்கள். எரிய ஆரம்பித்து, பிரேக்கை இறக்கியும் அணையவில்லை என்றால் மேலே உள்ள பதிலை முதலில் இருந்து படியுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் வண்டியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தேன். லீவர் இறங்கிவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது, ஆனால் பின்சக்கரம் சுற்ற மாட்டேன் என்கிறது.
- ஒரு வாசகர், சென்னை

பதில்: ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு லீவரையும் ஆயில் மட்டத்தையும்தான் பார்க்கும், சக்கரத்தைப் பார்க்காது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெல்ல மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள், பெரும்பாலும் டக்கென்று விட்டுவிடும். விடாவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தி இழுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லி டிரம்மைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள், கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். அடுத்த முறை நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.