பட்டறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் ஒரு வரி மனத்தை விட்டு அகலவில்லை. “ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்த்தால் நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று என் அண்ணன் கேட்கிறார்” என்று எழுதியிருந்தீர்கள். பதினைந்து வயதுப் பையனின் படிப்பைப் பேசும் இடத்தில் அவனுடைய கல்யாணம் வந்து குறுக்கே நிற்கிறது. உங்கள் அண்ணன்மீது எனக்குக் கோபம் இல்லை. “படிப்பு ஏறாதவன் போகிற இடம்” என்று நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பேச்சைத்தான் அவரும் சொல்கிறார். அந்தப் பேச்சுக்குச் சில ஐடிஐ-களும் இடம் கொடுத்துவிட்டன என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. உறை போட்டு மூடிய எந்திரங்கள், வருகைப் பதிவேட்டில் மட்டும் நடக்கும் வகுப்புகள், தொழிற்சாலைப் பக்கமே போயிராத பயிற்றுநர்கள் என எல்லாவற்றையும் நேரில் பார்த்திருக்கிறேன். மிக அருமையான பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். ஆகவே “ஐடிஐ நல்லதா” என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “எந்த ஐடிஐ” என்று கேளுங்கள், சொல்கிறேன்.

வீட்டு மோட்டாரைக் கழற்றித் திரும்ப மாட்டும் உங்கள் மகன், எந்திரப் பாகங்களை ராவிப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவைக் கேட்பதில் வியப்பில்லை. அது இரண்டு ஆண்டுப் படிப்பு. முடித்தால் மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். திருச்சி பெல், ரயில் பெட்டிகள் செய்யும் பெரம்பூர் ஐசிஎஃப் போன்ற இடங்கள் தொழில் பழகுநர்களை எடுக்கும்போது கேட்பது இந்தச் சான்றிதழைத்தான். ரயில்வேயில் உதவி லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநரின் உதவியாளர், தேர்வுக்கும் இது தகுதி. மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியலிலும் அப்படியே இரண்டாம் ஆண்டு. வழி எங்கும் அடைபட்டுவிடாது. அரசு ஐடிஐ என்றால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். சேர்க்கை விண்ணப்பத்தில் எந்தெந்த நிலையம் வேண்டும் என்ற விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன், வேலை நாள் ஒன்றில் காலை பத்து மணிக்கு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் போங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து கையேட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பட்டறைக்குள் போக அனுமதி கேளுங்கள். தயங்குகிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில்.

உள்ளே போனதும், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் எந்திரத்தின் அடியில் பாருங்கள். இரும்புச் சீவல் கிடக்கிறதா, எண்ணெய் வாசம் அடிக்கிறதா? பளபளவென்று துடைத்து வைத்த எந்திரத்தைவிட அழுக்கு ஒட்டிய எந்திரமே எனக்கு நம்பிக்கை தரும். பிறகு இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம், “தம்பி, கடைசியாக நீ செய்த ஜாப் எது, காட்டுகிறாயா?” என்று கேளுங்கள். நன்றாகக் கற்றவன் அரம் பிடித்து ராவிய இரும்புத் துண்டைக் கொண்டுவந்து, அதன்மேல் மூலைமட்டத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பான். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் வேலை சரியில்லை என்று அவனே சொல்வான். அந்தக் கண்ணும் கையும் புத்தகத்தில் வராது. வாரக்கணக்கில் நின்று ராவி, தோள் வலித்து, ஒரு பயிற்றுநரிடம் திட்டும் பாராட்டும் வாங்கித்தான் வரும்.

பயிற்றுநரிடமும் தயங்காமல் பேசுங்கள். எத்தனை ஆண்டு தொழிற்சாலையில் இருந்தார், சிஐடிஎஸ் என்ற பயிற்றுநர் பயிற்சி முடித்திருக்கிறாரா, புது எந்திரத்தைக் கற்றுக்கொள்ள அவரை எங்காவது அனுப்பினார்களா என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல ஆசிரியர் மகிழ்ந்து பதில் சொல்வார்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐ-களைத் தொழில் 4.0 மையங்களாக, அதாவது கணினிவழி இயங்கும் நவீன எந்திரங்களைக் கற்றுத்தரும் இடங்களாக, உயர்த்தியது. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதை முதலில் பாருங்கள். ஆனால் பணம் இருந்தால் எந்திரம் ஓராண்டில் வந்து இறங்கிவிடும். அதைச் சொல்லித்தரும் ஆள் அப்படி வருவதில்லை. அதனால்தான் ஐடிஐ-களை மேம்படுத்த 2025-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்தில், சென்னை உள்ளிட்ட ஐந்து ஊர்களின் தேசியத் திறன் பயிற்சி நிலையங்களில் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரும் பகுதியை நான் பெரிதாக நினைக்கிறேன். அது சொன்னபடி நடந்தால் ஐடிஐ பற்றிய ஊர்ப்பேச்சு தானாக மாறும். விளம்பரப் பலகை வைத்து அந்தப் பேச்சை மாற்ற முடியாது. நிலையங்களை நடத்துகிறவர்களிடமும் இதையே சொல்லிவருகிறேன்: ஆண்டுக்கு இரண்டு நாள் பட்டறையைப் பெற்றோருக்குத் திறந்துவிடுங்கள், வேலையில் இருக்கும் பழைய மாணவர்களை அழைத்து வந்து பேச வையுங்கள்.

தனியார் ஐடிஐ என்றால் கூடுதலாக ஒரு சோதனை வேண்டும். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. ஃபிட்டர் பிரிவை நடத்த இந்த ஆண்டு இணைப்பு அனுமதி இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று நினைக்காதீர்கள்.

போகும்போது உங்கள் அண்ணனையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் வாதாட வேண்டாம். அந்த மாணவன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கும் இரும்புத் துண்டை அவர் கையில் வாங்கிப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் எனக்கு இரண்டு செய்திகள் எழுதுங்கள்: ஒரு லேத்துக்கு எத்தனை மாணவர்கள் நின்றார்கள், உங்கள் மகன் பயிற்றுநரிடம் தானாக என்ன கேட்டான். அவற்றை வைத்து எந்த நிலையம் என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம்.