போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாமா? டிரைவரோடு கார் எடுப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு டிரைவரோடு கார் எடுத்து, நடுவில் ஓரிரு இடங்களில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவது பற்றித்தான் இந்த முறை எல்லாக் கேள்விகளும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மியூனிக்கிலிருந்து இன்ஸ்ப்ரூக் போகிறோம். வழியில் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு மணி நேரம் என்று புக் செய்திருக்கிறேன். போதுமா?

போதவே போதாது. ஒரு மணி நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒரு போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார் நிற்பது மலையடிவாரத்தில், ஹோஹன்ஷ்வாங்காவ் கிராமத்தில். அங்கிருந்து கோட்டை வாசலுக்கு ஏற்றத்தில் 30 முதல் 40 நிமிட நடை. குதிரை வண்டியும் பஸ்ஸும் உண்டு. ஆனால் வண்டிக்கும் வரிசை நிற்கும், இறங்கிய பிறகும் கொஞ்சம் நடக்க வேண்டும், பனி உறைந்த நாட்களில் பஸ் ஓடாது. உள்ளே உங்கள் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும், டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருக்கும், அந்த நேரத்தைத் தவறவிட்டால் டிக்கெட் போனதுதான். உள்ளே சுற்றுவது அரை மணி. நாம் படங்களில் பார்க்கும் அந்தக் காட்சி தெரிவது மரியன் பாலத்திலிருந்து. அது கோட்டையிலிருந்து தனியாக ஒரு கால்மணி நடை. பிறகு இறக்கம். மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முன்பே டிக்கெட் எடுத்திருந்தால்.

புக்கிங்கில் போட்டிருக்கும் நிமிடங்கள் கார் நின்றதிலிருந்து மறுபடி கிளம்பும் வரைக்குமானவை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் நிற்கும் இடம் இரண்டு கிலோமீட்டர் போல இருக்கும், அவர்களுடைய பஸ்ஸில் போக வேண்டும் அல்லது நடக்க வேண்டும். ஃபதேபூர் சிக்ரியிலும் உங்கள் கார் பார்க்கிங்கோடு சரி, மேலே வேறு வண்டி. எந்த இடமானாலும் டிரைவரிடமோ கம்பெனியிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி: கார் எங்கே நிற்கும், அங்கிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து இடங்கள் வரை சேர்க்கலாம் என்று தளத்தில் இருக்கிறது. எத்தனை சேர்ப்பது?

ஒன்று உருப்படியாக, ஒன்று சும்மா எட்டிப் பார்க்க. அதற்கு மேல் போனால் சீட் பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதும்தான் நினைவில் நிற்கும்.

ப்ராக்கிலிருந்து வியன்னா நேராகப் போனால் சுமார் 330 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வழியில் செஸ்கி க்ரும்லோவ் என்ற ஊரைச் சேர்த்தால் ஓட்டும் நேரமே ஐந்தரை மணி ஆகிவிடும், ஏனென்றால் அது நேர்வழியில் இல்லை, தெற்கே ஒதுங்கி இருக்கிறது. பழைய நகரத்துக்குள் சுற்றுலா வண்டி வராது, வெளியே இறங்கி நடக்க வேண்டும். மதிய உணவோடு மூன்று மணி நேரம் கொடுங்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் வியன்னா ஹோட்டல் வாசலில் மாலை 5 மணி. இதுவே நிறைவான நாள். போகிற வழியில் ஹ்லுபோகா கோட்டையும் இருக்கிறது. வெளியே நின்று இருபது நிமிடம் பார்க்க அது சரி, உள்ளே போக ஆசைப்பட்டால் க்ரும்லோவ் நேரத்தில் கை வைக்க வேண்டியிருக்கும்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பக்கம் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். பார்க்க விரும்புவதை நாளின் முதல் பாதியில் வையுங்கள், நீண்ட ஓட்டத்தை இருட்டுக்கு விடுங்கள்.

ரயிலை விடப் பல மடங்கு கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. டிரைவர் உங்களை இறக்கிவிட்டுப் பெரும்பாலும் காலி வண்டியோடு திரும்ப வேண்டும். நீங்கள் ஒருவழிக்குப் பேசினாலும் அவர் ஓட்டுவது இருவழி. காத்திருக்கும் மணிநேரங்களும் அதில் சேரும்.

அதனால் வழியில் எங்கும் இறங்கப் போவதில்லை என்றால் ரயிலில் போங்கள். ஃப்ளாரன்ஸிலிருந்து ரோம் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். எந்தக் காராலும் அதை முந்த முடியாது. ஆனால் நடுவில் சான் ஜிமின்யானோ பார்க்க வேண்டும், கூட வயதான பெற்றோர், நான்கு சூட்கேஸ் என்றால் கதை வேறு. அந்த ஊரில் ரயில் நிலையமே கிடையாது. பக்கத்து ஊரில் இறங்கி, பெட்டிகளோடு பஸ் பிடித்து, திரும்ப வந்து அடுத்த ரயிலுக்கு ஓடும் பாட்டை நினைத்தால் கார்க் கட்டணம் நியாயமாகத் தெரியும். மூன்று நான்கு பேர் பங்கிட்டால் இன்னும் நியாயம். தனியாகப் போகிறவர்களுக்கு நான் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும்போது மோஸ்டார் பாலத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள். எங்களிடம் ஷெங்கன் விசா இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரலாம். புக்கிங் பக்கத்தில் மோஸ்டார் மற்ற இடங்களைப் போலவே ஒரு டிக் குறியோடு இருக்கும். ஆனால் அந்த டிக் குறி உங்களை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோகிறது.

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது. மோஸ்டார் இருக்கும் போஸ்னியா அதில் இல்லை. எனவே மோஸ்டார் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவது, டுப்ரோவ்னிக்குக்குத் திரும்புவது இரண்டாவது முறை நுழைவது. உங்கள் விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கை 1 என்று இருந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பெட்டியெல்லாம் டிக்கியில், ஹோட்டல் டுப்ரோவ்னிக்கில், நீங்கள் எல்லைச் சாவடியில். பல முறை நுழையலாம் என்றிருந்தாலும், போஸ்னியா தன் பங்குக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன கேட்கிறது என்று அவர்களுடைய தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். டிரைவர் ‘தினமும் போகிறோம், ஒன்றும் ஆகாது’ என்பார். அவர் சொல்வது அவருடைய பாஸ்போர்ட்டைப் பற்றி.

இரண்டும் சரி என்றால் தாராளமாகப் போங்கள். 1993-இல் போரில் தகர்ந்து, 2004-இல் மறுபடி எழுப்பப்பட்ட பாலம் அது, பார்க்க வேண்டியதுதான். கோடையில் எல்லை வரிசைக்கென்று தனியாக ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சரியில்லை என்றால், நேர்வழிக்கு இப்போது எல்லைச் சிக்கல் கிடையாது. முன்பு நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடலோரத் துண்டைக் கடக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் திறந்த பெல்யேஷாட்ஸ் பாலம் அதைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பாலம் தாண்டியதும் ஸ்டோன் என்ற சிற்றூர் வரும். மலைமேல் ஏறி இறங்கும் அதன் கல்மதில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. மோஸ்டாருக்குப் பதில் அதைப் போடுங்கள்.

நாங்கள் சுற்றிப் பார்க்கும்போது பெட்டிகள் காரில் பத்திரமாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்கும். ‘பெரும்பாலும்’ போதாதவற்றை, அதாவது பாஸ்போர்ட், பணம், லேப்டாப், தினசரி மாத்திரை, நகை இவற்றைத் தோள்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கேற்ற பையாக முதலிலேயே கொண்டுவாருங்கள். பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிக்குள் துழாவுவது, சுற்றி இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டுவது போல.

டிரைவர் காரைவிட்டு நகரவே மாட்டார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவரும் சாப்பிட வேண்டும், கண்ணை மூட வேண்டும். ஐரோப்பாவில் பஸ், லாரி ஓட்டுபவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சாதாரணக் காருக்கு அது பொருந்தாது, ஆனால் நீங்கள் அதே அளவை வைத்துக்கொண்டால் உங்களுக்குத்தான் நல்லது. கேட்க வேண்டியது இது: பூட்டிய அல்லது காவல் உள்ள பார்க்கிங்கில் நிறுத்துவீர்களா?

இறங்கும்போது நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ, பார்க்கிங் நுழைவாயிலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் எண்ணுக்கு ஒரு முறை அழைத்து, மணி அடிக்கிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கறுப்பு வேன்கள் நாற்பது நிற்கும் இடத்தில் இது உதவும்.

நான்கு பேர், நான்கு பெரிய சூட்கேஸ். ‘4 பேர் அமரும் செடான்’ போதும்தானே?

ஆட்கள் அமரலாம். பெட்டிகள் அமராது. செடான் டிக்கியில் பெரிய பெட்டி இரண்டு, கேபின் பை இரண்டு என்பதுதான் நடைமுறை. வேன் சொல்லுங்கள். தள்ளுவண்டி, சக்கர நாற்காலி எதுவாக இருந்தாலும் அளவோடு எழுதி அனுப்புங்கள்.

குழந்தை இருந்தால் வயதை மட்டும் சொல்லாமல் உயரம், எடை இரண்டையும் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 150 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு (சில நாடுகளில் 135) ஏற்ற இருக்கை வேண்டும் என்பது பொது விதி. டாக்சிகளுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. ஐந்து மணி நேரப் பயணத்தில் அந்த விலக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

போன இடம் மூடியிருந்தது. பணம் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். கார் வந்தது, நின்றது, காத்திருந்தது. அவர்கள் விற்றது அதைத்தான். நுழைவுச்சீட்டு பொதுவாக இந்தக் கட்டணத்தில் சேராது. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வெர்சாய் அரண்மனை திங்கள், லூவ்ர் செவ்வாய். புக்கிங் மென்பொருளுக்கு இந்தக் கிழமைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, வெள்ளிக்கிழமை ஆக்ரா நிறுத்தத்தைச் சந்தோஷமாக விற்றுவிடும். சாலைகளும் மூடும்: ஆஸ்திரியாவின் க்ரோஸ்குளோக்னர் மலைச்சாலை குளிர்காலம் முழுக்க அடைத்திருக்கும், திறந்திருக்கும் மாதங்களிலும் இரவில் கிடையாது. கடைசி நுழைவு நேரம் என்று ஒன்று உண்டு, மூடும் நேரத்தை விட அதுதான் முக்கியம்.

எங்கள் டிரைவர் கேட்காமலே இரண்டு கடைகளுக்குக் கூட்டிப் போனார். எப்படித் தவிர்ப்பது?

அவருக்கு அங்கே கமிஷன். புக் செய்யும்போதே குறிப்புப் பெட்டியில் ‘கடைகள் வேண்டாம், பட்டியலில் உள்ள இடங்கள் மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். வழியில் அவர் ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே அந்த வரியைக் காட்டலாம், சண்டை வேண்டியதில்லை. அவரைக் கைடாகவும் எதிர்பார்க்காதீர்கள். பல நாடுகளில் நினைவுச் சின்னங்களுக்குள் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிதான் வேண்டும்; காரில் வரும்போது அவர் சொல்லும் ஊர்க்கதை கூடுதல் வரவு.

இணையத்தில் ஒருவர் பாதி விலைக்கு வருகிறேன் என்கிறார்…

நம்பர் பிளேட்டின் படத்தைக் கேளுங்கள். இந்தியாவில் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை, ஜப்பானில் பச்சை. இந்த இரண்டு நாடுகளிலும் வெள்ளைப் பலகையில் வந்தால் அது சொந்த உபயோக வண்டி, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கக்கூடும். மற்ற நாடுகளிலும் உரிமத்துக்கு ஏதோ ஓர் அடையாளம் இருக்கும். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

முறையான கம்பெனியிடமும் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள்: டோல், பார்க்கிங் கட்டணம் யாருடையது, ஓர் இடத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு, எத்தனை மணி நேரம் முன்பு வரை இலவசமாகக் கேன்சல் செய்யலாம். போனில் சொன்னதை டிரைவர் கேட்டிருக்க மாட்டார்.

சவுத்ஹாம்ப்டனில் கப்பலிலிருந்து இறங்கி, ஸ்டோன்ஹெஞ்ச் பார்த்துவிட்டு ஹீத்ரோவில் விமானம் ஏறலாமா?

விமானம் மாலை 5 மணிக்குப் பிறகு என்றால் சரி. காலை 8 மணி போல இறங்கினாலும் ஸ்டோன்ஹெஞ்ச் திறப்பது 9.30-க்கு. இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு மதியத்துக்குள் கிளம்பினால் ஹீத்ரோ ஒன்றரை, இரண்டு மணி. நெடுஞ்சாலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். பிற்பகல் 2 மணி விமானம் என்றால் நேராக விமான நிலையம் போங்கள்.

எதிர்த்திசையில், அதாவது விமானத்திலிருந்து இறங்கி வழியில் பார்த்துக்கொண்டு போகிறவர்கள், டிரைவரின் இலவசக் காத்திருப்பு எப்போதிலிருந்து கணக்காகிறது என்று கேளுங்கள். விமானம் தரையிறங்கிய நேரத்திலிருந்து என்றால் நல்லது. அட்டவணை நேரத்திலிருந்து என்றால், விமானம் தாமதமானால் மீட்டர் உங்களுக்கு முன்னாலேயே ஓட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட கம்பெனியில் விமான எண்ணைக் கொடுத்து நிபந்தனையை மாற்றச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.