உரவாளி நாறுகிறதா? காய்ந்தது போதவில்லை

சமையலறைக் கழிவை உரமாக்க மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் சேர்த்தால் அழுகிய முட்டை நாற்றம், அடியில் தண்ணீர், போதாததற்குப் புழு. பேசாமல் குப்பையிலேயே கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், சரிசெய்துவிடலாம். காற்றில்லாமல் அழுகுவதால் வரும் நாற்றம் அது. குப்பைமேட்டின் அடியிலும் இதேதான் நடக்கிறது. அங்கே உருவாகும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

முதலில் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் துளை போடுங்கள். அப்புறம் உள்ளே இருப்பதைக் கொட்டி, காய்ந்த இலையோ கிழித்த அட்டைப்பெட்டியோ தாராளமாகக் கலந்து திரும்பப் போடுங்கள். கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்று இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். காய்கறித் தோலில் கரிமம் குறைவு, ஈரம் அதிகம். ஆகவே ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்தது (எடை போட்டுப் பார்க்காதீர்கள், கிண்ணக் கணக்கே போதும்). கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறினால் சரி.

புழு பழுப்பாகப் பருத்திருந்தால் அநேகமாகக் கருப்புப் படைவீரன் ஈயினுடையது. பார்க்க அருவருப்பு, ஆனால் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் இந்த வாளிக்கு வேண்டாம். பளபளப்பான பிளாஸ்டிக் பூச்சு அட்டையும் வேண்டாம், அது மக்காது.