பிசி கேம்: எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். ஒரே கேம் ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்ற மூன்று ஆன்லைன் கடைகளிலும் இருந்தால் எங்கே வாங்கலாம்?
- கல்லூரி மாணவர், பெரம்பூர், சென்னை

பதில்: விலையோடு ரீஃபண்ட் விதியையும் பாருங்கள். ஸ்டீம், எபிக் இரண்டிலும் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கேமைத் திறந்து கிராஃபிக்ஸ் செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்க்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். பழைய லேப்டாப் என்பதால் முதல் அரை மணியிலேயே முடிவெடுத்துவிடுங்கள். ஜிஓஜி 30 நாள் அவகாசம் தருகிறது. கேமை நிறுவும் ஃபைலான இன்ஸ்டாலரையும் இறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் நெட்டே இல்லாமல் நிறுவலாம். பழைய கேம்களுக்கு எங்கள் ஓட்டு அதற்கே.

எபிக் வியாழன்தோறும் இலவச கேம் தருவது தர்மத்துக்கல்ல, ஆள் பிடிக்க. கேம் விற்ற பணத்தில் ஸ்டீம் பொதுவாக 30% கமிஷன் எடுக்க, 2018-ல் எபிக் 12% என்று இறங்கியது. லாபம் கேம் தயாரிப்பவருக்கு. உங்கள் பில்லில் குறையும் என்று நம்ப வேண்டாம். யுபிசாஃப்ட் என்ற நிறுவனத்தின் கேம்களை ஸ்டீமில் வாங்கினாலும் பெரும்பாலும் அவர்களுடைய லாஞ்சரும் (கேமைத் திறக்கும் ஆப்) கணக்கும் தனியே வேண்டும்.