வியாழக்கிழமைக் குதிரைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன இதழில் முழங்கால் வலியைப் பற்றி எழுதும்போது, “வியாழன் காலையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் குதிரைச் சவாரிக்குத் துணை நடக்கப் போகிறேன்” என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தேன். முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் குதிரையைப் பற்றித்தான்.

எனக்கு 58 வயது. குதிரையைத் தொட்டதே இல்லை, பயமும் உண்டு. என்னைப் போன்றவர்களைத் தொண்டுக்குச் சேர்ப்பார்களா, ஐயா?
*வாசகி, ஹாரோ*

சேர்ப்பார்கள் அம்மா. நான் பிறந்தது இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவில். அங்கே கட்டாக்காலிக் குதிரைகள் கூட்டமாகத் திரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை என்பார்கள். அந்தத் தைரியத்தில், குதிரை எனக்குப் புதிதில்லை என்று இங்கே லண்டனில் முதல் நாளே பெருமையடித்துவிட்டேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு குட்டைக் குதிரை என் சப்பாத்தின்மேல் காலை வைத்து நின்றுகொண்டது. நான் தள்ளத் தள்ள அது என்மேல் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற பதினாறு வயதுப் பிள்ளை வந்து, அதன் தோளில் விரலால் இரண்டு குத்துக் குத்தினாள், காலை எடுத்தது. குதிரையைத் தள்ளினால் அது திருப்பித் தள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிரிட்டனில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்வது ஆர்.டி.ஏ. (ரைடிங் ஃபார் த டிசேபிள்ட் அசோசியேஷன்) என்கிற சங்கம். 1969இல் தொடங்கியது, 1985 முதல் இளவரசி ஆன் தலைவராக இருக்கிறார். நாடு முழுக்க உள்ளூர்க் குழுக்கள் உண்டு, எல்லாம் தொண்டர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு பிள்ளை மேலே ஏறினால் கீழே மூன்று பேர்கூடத் தேவைப்படும். குதிரை பழகிய ஒருவர் அதைப் பிடித்து நடத்துவார். இரண்டு பக்கமும் ‘சைட் வாக்கர்’ இருவர். நீங்களும் நானும் அந்தப் பக்கத்தில் நடக்கிறவர்கள்.

பிள்ளையின் தொடைக்குக் குறுக்கே முன்கையை வைத்துச் சேணத்தின் முன்விளிம்பைப் பிடித்தபடி மணலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். கை கடுக்கும். அப்போது குதிரையை நிறுத்திப் பக்கம் மாறலாம். ஆனால் ஒருவர் வந்து பிடித்த பிறகுதான் மற்றவர் கையை எடுக்க வேண்டும். முதல் மாதம் எனக்கு இதுதான் பெரிய பாடம். கை வலித்ததும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இருந்தது.

பயத்தை ஒளிக்க வேண்டாம், முதல் நாளே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நாள் தடவிவிடவும் குளம்பு துப்புரவு செய்யவும் விடுவார்கள்.

என் பேரனுக்குப் பெருமூளை வாதம். குதிரையில் உட்கார வைத்தால் என்ன கிடைக்கும்? நடக்க வருமா?
*வாசகர், லெஸ்டர்*

நடக்க வரும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவருக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

நடப்பது இதுதான். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும் மட்டுமா அசைகிறது? முன்னும் பின்னும், பக்கத்துக்குப் பக்கம், கூடவே ஒரு சின்னத் திருகல். நாம் நடக்கும்போது நம் இடுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் அசைகிறது. ஒருநாளும் நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு அந்த அசைவு அங்கே கிடைக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. அப்புறம் சூடு. குதிரையின் உடல் வெப்பம் 38 பாகை அளவில், நம்மைவிட ஒரு பாகை கூட. சேணத்துக்குப் பதிலாக ஆட்டுரோம விரிப்பைப் போட்டால் அந்தச் சூடு தொடையில் படும்.

எங்களிடம் வருகிற ஒரு சிறுமியின் கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொண்டிருக்கும். சாய்தளத்தில் வைத்து அவளை ஏற்ற நேரம் எடுக்கும், யாரும் அவசரப்படுத்த மாட்டோம். மூன்றாவது சுற்றளவில் அவளுடைய வலது சப்பாத்து குதிரையின் விலாவில் உரசும். ‘சரக், சரக்’ என்று அந்தச் சத்தம் கேட்டால் கால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டென்மார்க்கில் லிஸ் ஹார்டெல் என்று ஒரு பெண். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்துபோனது. குதிரையில் ஏற, இறங்க ஆள் வேண்டும். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு, ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டுவது) பிரிவில் வெள்ளி வென்றார். 1956இல் மறுபடியும் வெள்ளி. ஐரோப்பாவில் இந்தச் சவாரி பரவ அவர் ஒரு பெரிய காரணம். பேரனுக்கு இதைச் சொல்லுங்கள். பிறகு அவனுடைய பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள்.

மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். ஓர் இடத்துக்கு ஆசையாகக் கூட்டிப்போனோம். கழுத்தைப் பற்றி டாக்டர் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது பாகுபாடு இல்லையா?
*வாசகி, குரோய்டன்*

பிள்ளையை வாசல்வரை வரவிட்டுச் சொன்னது தப்பு, தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது நியாயம் தங்கச்சி. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே தளர்வு இருக்கும். குதிரை குலுக்குகிற குலுக்கலில் முண்ணாணுக்கு (தண்டுவடத்துக்கு) ஆபத்து வரலாம். டாக்டர் சரி என்றால் கடிதத்தோடு திரும்பப் போங்கள். வலிப்பு கட்டுக்குள் இல்லாத பிள்ளைகளுக்கும் இப்படித்தான் கேட்பார்கள்.

சம்பளம் உண்டா? என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்?
*வாசகர், ஈஸ்ட் ஹாம்*

சம்பளம் இல்லை. தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உண்டு. விரலை மூடுகிற உறுதியான சப்பாத்து, மழைக்கோட்டு. தொங்கட்டான், சால்வை வேண்டாம். குதிரைக்கு எல்லாமே தீனி. பிள்ளைகளோடு பழகுவதால் டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனை செய்வார்கள், தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணமில்லை. லாயம் கூட்டவும் ஆள் வேண்டும், அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இத்தனை வருடத்தில் நீங்கள் பிழைவிட்டதுண்டா?
*வாசகர், சவுத்தால்*

உண்டு. ஒரு பத்து வயதுப் பையன் குதிரையில் இருந்தபடி ரப்பர் வளையத்தைக் கம்பத்தில் போட வேண்டும். கை நடுங்கும். கம்பத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நிற்கும், விலகும், மறுபடி வரும். எனக்குப் பொறுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் போட்டுவிட்டுக் கைதட்டினேன். அவன் தட்டவில்லை. அடுத்த வளையத்தை எடுத்து என் கையில் திணித்தான், ‘அப்ப நீயே போடு’ என்பதுபோல. பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் என்னைக் கம்பம் இல்லாத பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

இப்போது என் கை சேணத்தைவிட்டு நகராது. போன வியாழன் அவன் ஒரு வளையத்துக்கு நாலு நிமிடம் எடுத்தான். வளையம் கம்பத்தில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன்: குதிரை ஒரு பின்காலை மடித்து, கீழுதட்டைத் தொங்கவிட்டு, நின்றபடியே தூங்கியிருந்தது.