அம்மாவின் கிளினிக் கொப்பி

ஐயா,

அம்மம்மா கிணற்றடியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஊர்ப் பரியாரியார் எண்ணெய் பூசிக் கட்டினார். அவருக்குப் பதிவு இல்லை, இனி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாரிடம் போவது என்பது நோயாளியின் தெரிவு இல்லையா? வைத்தியத்திலிருந்தும் மருந்திலிருந்தும் அரசாங்கம் கையை எடுத்தால் என்ன?

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அம்மாவின் கிளினிக் கொப்பி கைக்கு வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனோ தெரியாது.

பரியாரியார் விஷயம் பெரிய வழக்கில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்திலேயே பாரம்பரிய வைத்தியர்கள் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. உங்கள் வீட்டருகே பஸ் ஏறினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம். அங்கே பிள்ளைகள் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். அலைச்சல்தான். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள்.

மருந்திலிருந்து கையை எடுக்கச் சொன்னீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்து, அதன் தலைவராக இருந்த மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரிலேயே மொத்தமாக வாங்க வைத்தார். அதில்தான் விலை இறங்கியது. தெரியாமல் எழுதாதீர்கள்.

அரசு கை வைக்கக் கூடாத இடமும் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் மக்களிடம் போய்க் கேளுங்கள். கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும், 2020 ஏப்ரலிலிருந்து எரித்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். 2021 பெப்ரவரியில்தான் புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. அப்புறமும் 2022 வரை சொந்த ஊர் மையவாடி இல்லை, மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. சரி, அதைத் தனியே எழுத வேண்டும்.

கொப்பிக்கு வருகிறேன். பழைய கலண்டர் தாளில் உறை போட்டு வைத்திருந்தார் அம்மா. சீனி, பிரஷர். எட்டு வருடம், மாதம் தவறாமல், நம்பர் எடுக்க விடிய ஐந்து மணிக்கே போய் நிற்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார்: "எனக்கு என்ன வருத்தம் டொக்டர்?" ஒவ்வொரு முறையும் அதே பதில்: "குளிசையை ஒழுங்காப் போடுங்க." வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை, பாதி உடைத்த குளிசை, அவருக்குத் தெரிந்த மருந்துப் பெயர்கள் அவ்வளவுதான்.

சிறுநீரகம் பழுதாகிறது என்று அம்மா கண் மூடுவதற்கு இரண்டு வருடம் முந்திய பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில், கோழிக் கிறுக்கலாக. ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. முழங்கால் நோவுக்குக் கடையில் நோக் குளிசை வாங்கி நாளுக்கு இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். பழுதாகும் சிறுநீரகத்தை அந்தக் குளிசை இன்னும் கெடுக்கும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். விரும்பியதை வாங்கும் தெரிவு அவருக்குத் தாராளமாக இருந்தது, தம்பி. வாங்கிக் கொடுத்தது நான். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நான் அந்தக் கொப்பியை ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? ரத்தம் சுத்திகரிக்கப் போயிருப்பாரோ, வேண்டாம் என்று மட்டக்களப்பில் தங்கச்சி வீட்டில் போய் இருந்திருப்பாரோ. எனக்குத் தெரியாது. அவரிடம் யாருமே கேட்கவில்லை. இதில் அந்த டொக்டரை மட்டும் திட்டி என்ன, அவருக்கு வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் ஒரு வரி. தமிழில் ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

உங்களிலும் எனக்குக் குறை உண்டு. கடிதம் முழுக்கப் பரியாரியார், அரசாங்கம், உரிமை. அம்மம்மா என்ன சொன்னார் என்று ஒரு சொல் இல்லை. கட்டு அவிழ்த்தாயிற்றா? விரல் மடங்குகிறதா? எக்ஸ்ரே எடுக்க அவருக்கு விருப்பமா? கேட்டு எழுதுங்கள்.