கெஷி யேனாவுக்கு எந்த சீஸை வாங்குவது?

கேள்வி: நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் வசிக்கிறேன். உடன் வேலை செய்யும், கரீபியத் தீவான குராசோவைச் சேர்ந்தவர் வீட்டில், சீஸுக்குள் இறைச்சிக் கலவை வைத்து வேகவைக்கும் கெஷி யேனா சாப்பிட்டதிலிருந்து அதை நானே செய்து பார்க்க ஆசை. கடையில் சிவப்பு மெழுகு பூசிய எடாம் உருண்டை, கௌடா துண்டுகள், துருவிய சீஸ் எனப் பலவும் இருக்கின்றன. முழு உருண்டையைத்தான் வாங்க வேண்டுமா? நாங்கள் கோழி உண்போம், மாட்டிறைச்சி உண்பதில்லை. கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: முழு உருண்டை தேவையில்லை. குராசோவிலும் அரூபாவிலும் டச்சு எஜமானர்கள் உள்ளே இருந்ததைக் குடைந்து தின்றபின் மிஞ்சிய எடாம் உருண்டையின் வெளி ஓட்டினை, அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் இறைச்சித் துணுக்குகளால் நிரப்பிச் சமைத்ததில் இந்த உணவு பிறந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. (அன்று கழிவாக வந்த அந்த ஓட்டுக்காக இன்று ஏறத்தாழ 1.7 கிலோ உருண்டைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.) இப்போது அத்தீவுகளிலேயே பலர் சீஸ் வில்லைகளைப் பாத்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, ஆலிவ், கேப்பர், உலர்திராட்சை சேர்த்து வதக்கிய கோழிக்கலவையை நடுவில் வைத்து, மேலேயும் வில்லைகளால் மூடி ஓவனில் வேகவைக்கிறார்கள். நான்கைந்து பேருக்கு அரை கிலோ கௌடா போதும்.

எடாமா கௌடாவா என்பதைவிட முக்கியம் அதன் வயது. நான்கு வாரம் பழுத்த ‘யோங்’, எட்டு முதல் பத்து வாரம் பழுத்த ‘யோங் பெலேகன்’ ஆகிய இரண்டும் சீராக உருகி, கலவையைப் பிடித்துக்கொள்ளும். பத்து மாதம் பழுத்த ‘ஔட்’ விலையும் அதிகம், சூட்டில் எண்ணெய் கக்கி உதிர்ந்தும் போகும். சந்தையில் சீஸ் விற்பவர் ருசி பார்க்கச் சீவித் தரும் வில்லையை விரல்களால் வளைத்துப் பாருங்கள், முறியாமல் வளைந்தால் அதையே வாங்கலாம். துருவிய பொட்டலம் இதற்கு உதவாது.

லேபிளில் உள்ள ‘48+’ என்பதைக் கண்டு பாதிக்குப் பாதி கொழுப்பு என்று மிரள வேண்டாம்; நீரை நீக்கிக் கணக்கிட்ட விகிதம் அது, சீஸின் மொத்த எடையில் கொழுப்பு ஏறத்தாழ 30 சதவீதமே. ஆனால் ‘30+’ போன்ற கொழுப்புக் குறைந்த வகைகள் இந்த உணவில் ரப்பர்போல் ஆகிவிடும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். சிவப்பு மெழுகு தரத்தின் அடையாளமன்று, பெரும்பாலும் ஏற்றுமதிக்கான பூச்சு. மெழுகானாலும் கௌடாவின் மஞ்சள் உறையானாலும் உண்ணத் தக்கதல்ல, சமைக்குமுன் உரித்துவிட வேண்டும். எடைபோட்டு வாங்கும்போது அந்த உறைக்கும் சேர்த்தே பணம் தருகிறீர்கள் என்பதால், உறை நீக்கிய வில்லைகளின் கிலோ விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் பொதுவாகக் கவனிக்கத் தவறுவது பாலை உறைய வைக்கும் நொதியை. மரபு முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. லேபிளில் வெறுமனே ‘ஸ்ட்ரெம்சல்’ (அந்த நொதியின் டச்சுப் பெயர்) என்றிருந்தால் கடைக்காரரிடம் விசாரியுங்கள். ‘வெகெட்டாரிஸ் ஸ்ட்ரெம்சல்’ (சைவ நொதி) என்றிருந்தால் கவலையில்லை. உணவகத்தில் வாங்குவதாயின் உள்ளே கோழியா மாடா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இரண்டிலும் செய்வது வழக்கம்.